கார்டு மெஷின் வாங்கும் முன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், தொழில் செய்யும் உறுப்பினர்களுக்கான அமர்வில் பேசியது)



நான் சேலை வியாபாரம் செய்கிறவள். திருபுவனம் பக்கத்து நெசவாளர் வீடுகளில் பட்டும் பட்டுப்பருத்தியும் எடுத்து, வீட்டிலும் கண்காட்சிகளிலும் விற்கிறேன். கார்டு மெஷின் வைத்து நாலு வருஷம் ஆகிறது. அதனால் மெஷின் வாங்கலாமா என்று யோசிக்கிற உறுப்பினர்கள் எல்லாம் என்னிடம் வந்து கேட்பார்கள். "ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரு தடவ சொல்லிடேன்"னு செயலாளர் அக்கா சொன்னாங்க. அதுதான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு விஷயம். இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு மேல் கார்டு மெஷின் தேவையே இல்லை. இட்லிக் கடை, பூக்கடை, காய்கறி, முறுக்கு, வடகம், மசாலாப் பொடி விற்கிறவர்களிடம் இருபது ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் யாரும் கார்டை நீட்டுவதில்லை. ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறார்கள். 2016-ல் யூபிஐ வந்ததில் இருந்து சின்ன வியாபாரம் முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. க்யூஆர் அட்டைக்குக் காசு கிடையாது. வாடிக்கையாளர் தன் வங்கிக் கணக்கில் இருந்து யூபிஐ-யில் அனுப்பும் பணத்துக்கு 2020 ஜனவரி 1 முதல் கடைக்காரரிடம் கமிஷன் எடுக்கக் கூடாது. ரூபே டெபிட் கார்டுக்கும் அதே சட்டம்தான். ஆனால் பணம் விழுந்ததும் கத்திச் சொல்கிறதே, அந்தச் சவுண்ட் பாக்ஸுக்கு மாத வாடகை உண்டு. சும்மா கொடுக்கிறோம் என்று வைத்துவிட்டுப் போவார்கள். மூன்று மாதம் கழித்துக் கணக்கைப் பார்த்தால் மாதாமாதம் பிடித்திருக்கும். வைக்கும்போதே கேளுங்கள்.

அப்படியென்றால் மெஷின் யாருக்கு வேண்டும்? ஒரு பில் ஆயிரம், இரண்டாயிரத்தைத் தாண்டுகிற தொழிலுக்கு வேண்டும். சேலை, தையல் மெட்டீரியல், தஞ்சாவூர்த் தட்டு, பித்தளைச் சாமான், கல்யாண ஆர்டருக்குப் பலகாரம் செய்கிறவர்கள் எல்லாம் இதில் வருவார்கள். பெரிய கோயில் பக்கம் தலையாட்டி பொம்மை விற்கிறவர்களுக்கும் வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக்காரர்கள் கையில் பெரும்பாலும் கார்டுதான் இருக்கும். கிரெடிட் கார்டு வைத்திருக்கிறவர் சேலை வாங்க வந்தால், கையில் காசு இல்லாவிட்டாலும் எடுப்பார். என் அனுபவத்தில், "கார்டு எடுப்பீங்களா?" என்று கேட்பவர் ஒரு சேலையோடு போவது குறைவு. "இல்லைம்மா" என்று சொன்னால் அவர் திரும்பி வருவதும் குறைவு.

இனி காசு விஷயம். கவனமாகக் கேளுங்கள். நோட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் கொடுக்கிறவர்கள் நம்மிடம் இரண்டு வழியில் காசு வாங்குகிறார்கள். ஒன்று மாத வாடகை. இன்னொன்று ஒவ்வொரு பில்லிலும் நூற்றுக்கு இவ்வளவு என்று பிடிக்கும் கமிஷன். இதை எம்டிஆர் என்பார்கள். இரண்டின் மேலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். ஒரு பில் ₹2000-க்குள் இருந்தால் வங்கி பிடிக்கிற கமிஷனுக்கு மட்டும் அந்த ஜிஎஸ்டி கிடையாது.

கமிஷனும் எல்லாக் கார்டுக்கும் ஒன்றல்ல. ரூபே டெபிட் கார்டுக்கு இல்லை என்று சொன்னேன். மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 1 முதல் ஓர் எல்லை வைத்திருக்கிறது. வருட விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு வியாபாரியிடம் மெஷினில் நூற்றுக்கு 40 பைசாவுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒரு பில்லுக்கு எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் ₹200-க்கு மேல் போகக் கூடாது. 20 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு 90 பைசா. நம்மில் பெரும்பாலானவர்கள் முதல் வகைதான். மெஷின் விற்க வருகிற தம்பி, "எல்லாக் கார்டுக்கும் ஒரே ரேட்டு மேடம், ஒன்றே முக்கால்" என்று சொன்னால், "டெபிட் கார்டுக்கும் அதே ரேட்டா தம்பி? எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே ரேட்டை மாற்றிவிடுவார்கள்.

கிரெடிட் கார்டுக்கு அந்த மாதிரி எல்லை கிடையாது. வங்கியும் நிறுவனமும் நம்மோடு பேசி வைப்பதுதான் ரேட்டு. வெளிநாட்டுக் கார்டுக்கு அதைவிடக் கூட. பேசினால் குறையும், நான் குறைத்திருக்கிறேன். காய்கறிக்காரரிடம் கொத்தமல்லிக்குப் பேரம் பேசுகிற நாம் இங்கே மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

இப்போது ஒரு கணக்கு. என்னிடம் அப்போது இரண்டு விலைச்சீட்டு இருந்தது. முதல் இடத்தில் மாத வாடகை ₹500, கிரெடிட் கார்டுக்கு 1.8 சதவீதம். இரண்டாவது இடத்தில் வாடகை இல்லை, ஆனால் 2.2 சதவீதம். கேட்டவுடனே எல்லோரும் முதலாவதுதான் மலிவு என்பார்கள். மாதம் ₹30,000-க்குக் கிரெடிட் கார்டில் விற்கிறேன் என்று வையுங்கள். முதல் இடத்தில் கமிஷன் ₹540, வாடகை ₹500, ஆக ₹1040. ஜிஎஸ்டியோடு ₹1227. இரண்டாவது இடத்தில் கமிஷன் ₹660, ஜிஎஸ்டியோடு ₹779. மாதம் 448 ரூபாய் வித்தியாசம். ரேட்டு கூட இருக்கிற இடம்தான் மலிவு!

எந்தத் தொகையில் இது மாறும் என்றும் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் நூற்றுக்கு 40 பைசா. அந்த 40 பைசா சேர்ந்து 500 ரூபாய் ஆக வேண்டுமென்றால் மாதம் ₹1,25,000-க்குக் கார்டில் விற்க வேண்டும். தை, வைகாசி, ஆவணியில் எனக்கு அப்படி நடக்கலாம். ஆடியில் முகூர்த்தம் இல்லை, மார்கழியில் இல்லை. மெஷின் அலமாரியில் தூங்கும், வாடகை மட்டும் தூங்காது. வருஷம் முழுக்க ஒரே மாதிரி விற்கிற தொழில் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? அதனால் மாதக் கணக்குப் போடாதீர்கள், பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்துப் போடுங்கள்.

இன்னொன்று, கமிஷனை விற்பனை விலையோடு வைத்துப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். லாபத்தோடு வைத்துப் பாருங்கள். ஆறாயிரம் ரூபாய் சேலையில் எனக்கு நிற்பது ஐந்நூறு ரூபாய். 2 சதவீதம் கமிஷன் என்றால் 120 ரூபாய், ஜிஎஸ்டியோடு 141 ரூபாய் 60 பைசா. என் லாபத்தில் கால் பங்குக்கு மேல் போச்சு. விலையில் ஏற்றி வைக்கலாமே என்பீர்கள். கொஞ்சம் ஏற்றலாம். ஆனால் பில் போட்ட பிறகு "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா" என்று கேட்காதீர்கள். டெபிட் கார்டுக்கு அப்படி வாங்கவே கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மெஷின் ஒப்பந்தத்திலும் பொதுவாக அப்படித்தான் எழுதியிருக்கும். நான் செய்வது இதுதான். ரொக்கமாகவோ ஸ்கேன் செய்தோ கொடுக்கிறவருக்கு ஜாக்கெட் துணி இலவசம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இவ்வளவு கணக்கும் சொன்னேன். ஆனால் ஒரு வருஷம் கழித்து நான் மெஷினை மாற்றியது ரேட்டுக்காக இல்லை.

கார்டில் தேய்த்த பணம் நம் கைக்கு உடனே வராது. பொதுவாக அடுத்த வேலை நாள் கணக்கில் விழும். சனிக்கிழமை விற்றால் திங்களோ செவ்வாயோ ஆகலாம். அதுவரை அது மெஷின் கொடுத்தவரிடம் இருக்கிறது. ஒரு வைகாசியில் ஒரே கல்யாண வீட்டுக்கு மூன்று சேலை, ₹18,400-க்குக் கார்டில் கொடுத்தேன். அடுத்த நாள் பணம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் செய்தால், "பெரிய தொகை, சரிபார்ப்பில் இருக்கிறது" என்று ஒரு பெண் குரல் இங்கிலீஷிலும் இந்தியிலும் சொன்னது. எந்த ஆபீஸுக்குப் போவது? நம் ஊரில் அவர்களுக்கு ஆபீஸே கிடையாது. மெஷின் விற்ற தம்பி வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார்.

வெள்ளிக்கிழமை நெசவாளர் வீட்டில் கூலி கொடுக்க வேண்டும். அந்த அண்ணனிடம் போய், "காசு கம்பெனியில நிக்குது"ன்னு எப்படிச் சொல்வது? அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? குழுவில் அவசரக் கூட்டம் போட்டு உள்கடன் கொடுத்தார்கள். அன்றைக்கு என் பெயரைக் காப்பாற்றியது இந்தக் குழுதான். பில் புத்தகம், சார்ஜ் ஸ்லிப், ஆதார், பான் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பி, ஒன்பதாம் நாள் பணம் வந்தது. ஒரு பைசா குறையவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்பது நாள்.

அதற்குப் பிறகு நான் மெஷின் வாங்கியது நம் குழுக் கணக்கு இருக்கிற வங்கிக் கிளையில். ரேட்டு கொஞ்சம் கூடத்தான். மெஷின் அவ்வளவு வேகமும் இல்லை. விண்ணப்பம் கொடுத்து வருவதற்கும் மூன்று வாரம் இழுத்தது. ஆனால் ஏதாவது என்றால் பஸ் ஏறிப் போய் மேனேஜர் முன்னால் உட்காரலாம். தமிழில் பேசலாம். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் குழுவில் நாலு பேர் சேர்ந்து போகலாம். நம்மைப் போன்றவர்களுக்கு அரை சதவீதம் குறைவதைவிட இது பெரிது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருக்கிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு சண்டை போடலாம். வங்கியிலும் எழுதிக் கொடுத்து முப்பது நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. அந்த விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. சுவரில் எழுதி வையுங்கள்.

ஒப்பந்தம் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊராட்சியில் ஊறுகாய் போடுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். இங்கேயும் உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் ஒரு கம்பெனி மெஷின் கொடுத்தது. ஊறுகாய்க்கு யார் கார்டு தேய்ப்பது? இரண்டு மாதம் பார்த்துவிட்டு, "வேண்டாம், எடுத்துக்கோங்க" என்றார். அவர்கள் காட்டிய தாளில் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று இருந்தது. இடையில் கொடுத்தால் ஒரு தொகை கட்ட வேண்டும். மாதம் குறிப்பிட்ட அளவு தேய்க்காவிட்டால் அதற்கும் தனிக் கட்டணம். இது எதையும் கொடுக்கும்போது வாயால் சொல்லவில்லை. எல்லாம் இங்கிலீஷில், எறும்பு எழுத்தில்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த வாடகை தானாகக் கணக்கில் இருந்து பிடிக்கிற மாதிரி கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதே கணக்கில்தான் குழுக் கடனுக்கான அவர் பங்குத் தவணை இருந்தது. ஐந்தாம் தேதி வாடகை போனது, ஏழாம் தேதி தவணைக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய் குறைந்தது. பதினாலு வருஷமாக ஒரு தவணை தவறாத குழு அது. நூறு ரூபாய்க்காக நோட்டில் ஒரு சிவப்பு விழ இருந்ததை மற்ற உறுப்பினர்கள் அன்றைக்கே கையில் இருந்ததைப் போட்டுத் தடுத்தார்கள். ஆகவே கடன் தவணை போகிற கணக்கும் மெஷின் வாடகை போகிற கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டாம். தொழிலுக்குத் தனியாக ஒரு கணக்கு ஆரம்பியுங்கள். கேட்பார்கள் என்பதால் உத்யம் பதிவும் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அது முழுக்க இலவசம், யாராவது ஐந்நூறு கேட்டால் கொடுக்காதீர்கள். தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டு போகிறேன் என்று சொல்லுங்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், படித்துச் சொல்லட்டும். "இன்னைக்கே போட்டாத்தான் ஆஃபர்" என்கிறவரிடம் நாளைக்கும் ஆஃபர் இருக்கும்.

கணக்கு என்று சொன்னதும் இன்னொன்று. அது யார் பெயரில்? அதோடு சேர்ந்த போன் நம்பர் யாருடையது? 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் இந்தக் குழுக்கள் ஆரம்பித்தபோது, கைநாட்டு வைத்த பெண்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது தன் பெயரைத் தானே எழுத. வங்கியில் தன் கையெழுத்து, தன் பாஸ்புக். அவ்வளவு தூரம் வந்துவிட்டு, இன்றைக்கு மெஷின் வாங்கும்போது, "எனக்கு அந்தப் போன் பாக்கத் தெரியாது, அவர் நம்பரையே குடுத்துடுங்க" என்கிறோம். பெட்டி கடையில் கத்துகிறது, காது நம்முடையது. பணம் விழுகிற மெசேஜ் வேறு யார் பையிலோ கத்துகிறது. கணவரோ மகனோ கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. என் வீட்டுக்காரர்தான் கண்காட்சிக்குக் கட்டை சுமந்து வருகிறார். ஆனால் இந்த வாரம் எவ்வளவு வந்தது என்று நமக்கே தெரியாவிட்டால் வட்டாரத்தில் கடன் கேட்கும்போது என்ன கணக்குக் காட்டுவது? பட்டன் போன்தான் வைத்திருக்கிறேன் என்றாலும் மெசேஜ் வரும். உங்கள் சிம் கார்டு, உங்கள் நம்பர்.

மெஷின் எந்த மாதிரி என்பதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேப்பர் ரோல் உள்ள பெரிய மெஷின் இருக்கிறது. போனோடு சேர்த்து வேலை செய்கிற சின்னது இருக்கிறது. கார்டைத் தட்டினால் எடுக்கிற சவுண்ட் பாக்ஸும் இப்போது வருகிறது. தட்டுவதில் ₹5000 வரை பின் நம்பர் கேட்காது, அதற்கு மேல் கேட்கும். சேலைக்காரிக்கு அதனால் பின் போடுகிற மெஷின்தான் சரி. வாங்கும் முன் நீங்கள் விற்கிற இடத்தில் வைத்து ஒரு தடவை தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள், எந்த சிம் உள்ளே இருக்கிறது என்று கேளுங்கள். எங்கள் தெருவில் ஒரு கம்பெனி டவர் மட்டும்தான் எடுக்கும். ஸ்லிப்பில் எழுத்து வெயிலில் மங்கிப்போகும், சாயங்காலம் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் பிறகு "நான் வாங்கவே இல்லை" என்று வங்கியில் சொன்னால், நம் கையில் இருக்கும் சாட்சி அந்த ஸ்லிப்பும் பில்லும்தான்.

மோசடிக்கு இரண்டே வார்த்தை. போனில் காட்டுகிற பச்சை டிக்கைப் பார்த்துச் சாமானைக் கொடுக்காதீர்கள். பெட்டி சொல்ல வேண்டும், இல்லை உங்கள் போனுக்கு மெசேஜ் வர வேண்டும். அப்புறம், நமக்குப் பணம் வருவதற்கு நாம் பின் நம்பர் போடத் தேவையே இல்லை. போடச் சொல்கிறவர் எடுக்க வந்தவர். போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக, தீர்மான நோட்டில் இருக்கிற விஷயம். கல்லூரிச் சந்தைக்கும் பொங்கல் கண்காட்சிக்கும் கூட்டமைப்புப் பெயரில் ஒரே மெஷின் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம் என்பதுதான் என் பதில். ஒவ்வொருவரும் ஐந்நூறு வாடகை கட்டுவதைவிட அது நல்லது. ஆனால் பணம் கூட்டமைப்புக் கணக்கில் விழும். அங்கிருந்து யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கிற இடத்தில்தான் மனக்கசப்பு வரும். அதற்கு ஒரு வழி யோசித்திருக்கிறேன். மெஷின் பொருளாளர் மேஜையில் இருக்கட்டும். விற்றவர் வாடிக்கையாளரோடு அங்கே வர வேண்டும். ஸ்லிப் இரண்டு வரும். வாடிக்கையாளர் கையில் ஒன்று போகட்டும். நம்முடையதில் குழுப் பெயரும் விற்றவர் பெயரும் எழுதி, அப்போதே நோட்டில் அவர் கையெழுத்து வாங்க வேண்டும். சாயங்காலம் மெஷினில் அன்றைய மொத்தத்தை அச்சடித்து நோட்டோடு ஒட்ட வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் கடையை மூட வேண்டும். கமிஷனை விற்றவரே ஏற்கட்டும், வாடகையைக் கூட்டமைப்பு ஏற்கட்டும். பணம் கணக்கில் விழுந்த மூன்று நாளுக்குள் அவரவர் கணக்குக்குப் போக வேண்டும். இந்தக் கெடுவைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். ஒன்பது நாள் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

வங்கியில் இருந்து வந்த இரண்டு விலைச்சீட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், பொருளாளர் அக்காவிடம் இருக்கிறது. உங்களிடம் வேறு எந்தக் கம்பெனியின் சீட்டு இருந்தாலும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், பக்கத்தில் வைத்துப் போட்டுப் பார்ப்போம்.